எடை குறைத்து விற்பவரின் உண்மையான லாபம் எத்தனை சதவீதம்? சந்தைக்கும் தேர்வுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்கிய விலைக்கே விற்பதாகச் சொல்லும் வியாபாரி, ஒரு கிலோ படிக்கல்லுக்குப் பதிலாக 900 கிராம் கல்லை வைக்கிறார். அவருடைய லாபம் எத்தனை சதவீதம்? கேட்டவுடன் வாயில் வருவது பத்து. வினாத்தாளிலும் அந்தப் பத்தை ஒரு விடையாகக் கொடுத்திருப்பார்கள், அவசரக்காரர்கள் அதில் விழட்டும் என்று. சரியான விடை 11 1/9 சதவீதம்.

இந்த வகைக் கணக்குக்குப் பயிற்சி வகுப்புகளில் சூத்திரங்களை அடுக்குகிறார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், கேள்வியில் ஒரு சொல் மாறியதும் தடுமாறுகிறார்கள். என்னைக் கேட்டால் அத்தனையையும் மறந்துவிடலாம். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: வியாபாரி எத்தனை கிலோவுக்குக் காசு கொடுத்தார், அதே சரக்குக்கு எத்தனை கிலோவுக்கான காசு வாங்கினார்? கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் பல வேடங்கள்தான். விலைகளைக் கணக்கு எளிதாக வரும்படி நானே வைத்திருக்கிறேன். இன்றைய சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: எதன் மேல் சதவீதம்?

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கிலோ 60 ரூபாய் என்று வைப்போம். வியாபாரி 60-க்கு வாங்கி 60-க்கே விற்கிறார். கல் 900 கிராம். வாடிக்கையாளர் பைக்குள் போன 900 கிராம் சர்க்கரைக்கு வியாபாரி போட்ட முதல் 54 ரூபாய். கைக்கு வந்தது 60. லாபம் 6 ரூபாய். லாப சதவீதம் எப்போதும் போட்ட முதலின் மேல்தான். ஆகவே 54-க்கு 6, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு, 11 1/9 சதவீதம்.

வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. அவர் 60 ரூபாய் கொடுத்து 54 ரூபாய்ச் சரக்கு வாங்கியிருக்கிறார். 60-க்கு 6 போனது; இழப்பு சரியாக 10 சதவீதம். அதே ஆறு ரூபாய்தான், ஆளுக்கு ஆள் அடிப்படை மாறுகிறது. கேள்வியில் ‘வியாபாரியின் லாபம்’ என்று இருக்கிறதா, ‘நுகர்வோரின் இழப்பு’ என்று இருக்கிறதா என்பதை விரலை வைத்துப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. குறைத்த பங்கு 1/10 என்றால் லாபம் 1/9. குறைத்தது 1/20 என்றால் லாபம் 1/19, அதாவது ஏறத்தாழ 5.26 சதவீதம். அரைக்கால் பங்கு, அதாவது எட்டில் ஒன்று, குறைத்தால் 1/7. ஐந்தில் ஒன்று குறைத்தால் கால் பங்கு, 25 சதவீதம். கால் பங்கு குறைத்தால் மூன்றில் ஒன்று. கீழ் எண்ணில் ஒன்றைக் கழித்தால் போதும். குறைவு 150 கிராம் என்பதுபோல் மேல் எண் ஒன்றாக வராத இடங்களில் நேராகவே போடுங்கள்: 150-ஐ 850-ஆல் வகுத்தால் 17.65 சதவீதம்.

இரண்டாம் படி: விலையிலும் கை வைத்தால்

நிஜத்தில் யாரும் வாங்கிய விலைக்கே விற்பதில்லை. காங்கயம் ஆலை அரிசியை ஒருவர் 8 சதவீதம் வெளிப்படையாக ஏற்றி விற்கிறார். கிலோவுக்கு 960 கிராம்தான் போடுகிறார். எட்டையும், எடையில் வந்த 4 1/6-ஐயும் கூட்டி 12 1/6 என்று எழுதினால் தவறு. ஏற்றிய விலையும் குறைந்த எடையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்.

விலைப் பெருக்கம் 1.08. எடைப் பெருக்கம் 1000/960. 1.08-ஐ 0.96-ஆல் வகுத்தால் 1.125. லாபம் 12.5 சதவீதம்.

தள்ளுபடிக்கும் இதே வழிதான். ‘வாங்கிய விலையைவிட 5 சதவீதம் குறைத்தே கொடுக்கிறேன்’ என்று பலகை எழுதி வைத்துவிட்டு 800 கிராம் கல்லைப் போடுகிறவர், 0.95-ஐ 0.8-ஆல் வகுத்தால் வரும் 1.1875-ஐ எடுத்துக்கொள்கிறார். நஷ்டத்துக்கு விற்பதாகச் சொல்பவர் கையில் 18.75 சதவீதம் லாபம்.

மூன்றாம் படி: வாங்கும்போது எடை கூட்டுவது

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கடையில் நிற்கும் வாடிக்கையாளரைப் பற்றியே கவலைப்படுகின்றன. கொங்குப் பக்கத்தில் எடையில் இழப்பவர் பெரும்பாலும் விற்க வரும் விவசாயி. தோட்டத்துக்கே தராசோடு வரும் வியாபாரியிடம் தேங்காய்ப் பருப்பையும் பருத்தியையும் கொடுக்கும்போது, அளவு அவர் கையில். கணக்கும் அவர் கையில்.

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வாக்கியங்களின் விடைகள் வேறு வேறு. ‘ஆயிரம் கிலோ என்று சொல்லி 1,100 கிலோ எடுத்துக்கொள்கிறார்’ என்றால், ஆயிரத்துக்குக் காசு, 1,100 சரக்கு. லாபம் நேராக 10 சதவீதம். ‘தராசு 10 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது’ என்றால், ஆயிரம் கிலோ சரக்கு 900 என்று எழுதப்படுகிறது. 900-க்குக் காசு, 1,000 சரக்கு. லாபம் 11 1/9. முதல் வாக்கியத்தில் பத்து சதவீதம் என்பது காசு கொடுத்த எடையின் மேல்; இரண்டாவதில் உண்மையான எடையின் மேல். சூத்திரம் மட்டும் படித்தவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு லாபக்காய் புதிதல்ல. எண்ணி எடுக்கும் காய்க்கு மேல் இத்தனை காய் என்று வியாபாரி காசில்லாமல் எடுத்துக்கொள்வார். ஆயிரத்துக்கு 100 லாபக்காய் என்று வைத்தால், விற்பனை விலை எதுவாக இருந்தாலும் 10 சதவீதம் அவருக்கு முன்கூட்டியே நின்றுவிடுகிறது. இதில் மறைவு ஏதுமில்லை, இரு தரப்புக்கும் தெரிந்த வழக்கம்தான். விவசாயி போட வேண்டிய கணக்கு இது: காய்க்கு 20 ரூபாய் என்று பேசி ஆயிரம் காய்க்கு 20,000 வாங்கினால், கொடுத்த 1,100 காய்க்கு வகுக்க வேண்டும். காய்க்குக் கிடைத்தது 18 ரூபாய் 18 காசு. பேசிய விலையில் குறைவு 10 சதவீதம் அல்ல, 9 1/11 சதவீதம். பேரம் பேசும்போது இந்த எண் மனதில் இருந்தால் நல்லது.

தோட்டத்து விலையா, ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையா என்று முடிவு செய்யவும் இதுவே வழி. விற்பனைக்கூடத்தில் தேங்காய்ப் பருப்பு கிலோ 100 ரூபாய். தோட்டத்துக்கு வருகிறவர் 103 தருகிறார், வண்டி வாடகையும் மிச்சம். ஆனால் அவர் தராசு 1,050 கிராமை ஒரு கிலோ என்கிறது. 103-ஐ 1.05-ஆல் வகுத்தால் 98 ரூபாய் 10 காசு. வண்டி வாடகை கிலோவுக்கு 1 ரூபாய் 90 காசுக்குள் வந்தால் விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோவதே மேல்.

நான்காம் படி: இரண்டு பக்கமும் அடித்தால்

வாங்கும்போது 10 சதவீதம் கூடுதலாக எடுக்கிறார், விற்கும்போது கிலோவுக்கு 900 கிராம் போடுகிறார். விலை இரண்டும் ஒன்றே. 900 கிலோவுக்குக் காசு கொடுத்தார் என்று தொடங்கினால் பின்னம் தொல்லை செய்யாது. 900-க்குக் காசு, கையில் 990. அந்த 990-ஐ 900 கிராம் கல்லால் போட்டால் 1,100 கிலோவாக விற்கிறது. 900 கொடுத்து 1,100 வாங்கினார். லாபம் 200/900, அதாவது 22 2/9 சதவீதம். பத்தும் பத்தும் இருபது என்று எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை.

சுருக்கி எழுதினால்: வாங்கும் பெருக்கம் 1.1, விற்கும் பெருக்கம் 1/0.9, இரண்டையும் பெருக்கு. விலையும் ஏறியிருந்தால் அதையும் சேர்த்துப் பெருக்கு. எத்தனை தில்லுமுல்லு சேர்ந்தாலும் கடைசியில் ஒன்றைக் கழித்தால் லாபம்.

கை நீளம் சமமில்லாத தராசு

சந்தையில் கோல் தராசு பிடிக்கிறவர்களிடம் உள்ள நுட்பமான வழி இது. கோலின் ஒரு கை 20 அங்குலம், மறு கை 21 அங்குலம் என்று வைப்போம். தட்டின் கனத்தைச் சரிசெய்துவிட்டால் காலித் தராசின் முள் நேராகவே நிற்கும். கல்லும் முத்திரை போட்ட நல்ல கல்தான்.

விற்கும்போது சரக்கை நீளக் கையில் வைக்கிறார். சரக்கு × 21 = 1000 × 20. சரக்கு 952.4 கிராம். இதில் மட்டும் லாபம் சரியாக 5 சதவீதம். வாங்கும்போது தட்டை மாற்றிச் சரக்கைக் குட்டைக் கையில் வைக்கிறார். சரக்கு × 20 = 1000 × 21; ஒரு கிலோ என்று சொல்லி 1,050 கிராம் எடுக்கிறார். இதிலும் 5 சதவீதம். சேர்ந்தால் 1.05 × 1.05 = 1.1025. லாபம் 10.25 சதவீதம், ஒரே தராசில், ஒரு கல்லையும் தேய்க்காமல்.

கண்டுபிடிப்பது எளிது. சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 1,000 கிராம், மறு பக்கம் 1,102.5 கிராம் என்று வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மை எடை: 1,050 கிராம். சந்தையில் நின்று வர்க்கமூலம் எடுக்க முடியாது என்பவர்கள் இரண்டின் சராசரியை எடுத்தாலும் 1,051 வரும். பேரத்துக்கு அது போதும்.

தட்டுக்கு அடியில் புளி: சதவீதம் இல்லாத ஏமாற்று

இதுவரை பார்த்ததெல்லாம் சரக்கு கூடக் கூடத் தானும் கூடும் குறைவு. தட்டின் அடியில் ஒட்டிய புளி, பூஜ்யத்தில் நிற்காமல் 50 கிராமில் தொடங்கும் மின்னணுத் தராசு, சரக்கோடு சேர்த்து எடை போடும் அட்டைப்பெட்டி ஆகியவை வேறு இனம். நீங்கள் கால் கிலோ வாங்கினாலும் ஐந்து கிலோ வாங்கினாலும் போவது அதே 50 கிராம்.

கால் கிலோ வாங்குகிறவருக்கு 200 கிராம் கிடைக்கிறது. 50/200, வியாபாரிக்கு 25 சதவீதம் லாபம். ஒரு கிலோ வாங்குகிறவரிடம் 50/950, அதாவது 5.26 சதவீதம். ஐந்து கிலோ வாங்குகிறவரிடம் 50/4950, ஒரு சதவீதம்தான். அன்றாடக் கூலியில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறவர்தான் இந்தத் தராசில் அதிகம் கொடுக்கிறார். மூட்டையாக வாங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

தேர்வில் இப்படிக் கேள்வி வந்தால் எத்தனை முறை எடை போட்டார் என்பதைப் பாருங்கள். பத்துக் கிலோவைக் கால் கிலோவாக நாற்பது முறை விற்றால் குறைவு 2 கிலோ. ஒரே தடவையில் விற்றால் 50 கிராம்.

ஈரோட்டு மஞ்சள் மூட்டைக்குச் சாக்குக் கழிவு போடுவதும் இந்த இனம்தான். மூட்டை 66 கிலோ, சாக்கு ஒரு கிலோ, மஞ்சள் 65. “சாக்குக்கு இரண்டு கிலோ கழிவுங்க” என்று சொல்லி 64 என்று எழுதினால், 64-க்குக் காசு கொடுத்து 65 எடுக்கிறார். 1/64, ஏறத்தாழ 1.56 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் கிலோ 120 ரூபாய் என்றால் மூட்டைக்கு 120 ரூபாய், நூறு மூட்டைக்கு 12,000 ரூபாய். காலிச் சாக்கு ஒன்றைத் தராசில் போட்டுக் காட்டச் சொன்னால் இந்தக் கழிவு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

படி, முழம், போர்வை

1956-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தோடு மெட்ரிக் முறை வந்துவிட்டது. படியும் வள்ளமும் இன்று சட்டப்படியான அளவுகள் இல்லை. ஆனாலும் கிராமத்தில் தானியத்தை வள்ளத்தில் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூம்பாகக் குவித்து அளப்பது ஒன்று, தலை தட்டி அளப்பது ஒன்று. வாங்கும்போது குவித்து, விற்கும்போது தலை தட்டினால் அளவு மாறவில்லை, முத்திரையும் கெடவில்லை. குவியலில் அரைக்கால் பங்கு நிற்கிறது என்று வைத்தால், 8 படிக்குக் காசு, 9 படி சரக்கு, 12.5 சதவீதம்.

கொள்ளளவில் இன்னொரு பொறி உண்டு. உயரம் மாறாமல் படியின் விட்டத்தை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் கொள்ளளவு 5 சதவீதம் குறையாது. 0.95 × 0.95 = 0.9025, ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது, லாபம் 10.8 சதவீதம். கண்ணுக்குப் படி கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும், அவ்வளவுதான்.

சென்னிமலைப் போர்வையை 60-க்கு 90 அங்குலம் என்று சொல்லி 57-க்கு 87 கொடுத்தால், 5,400 சதுர அங்குலத்துக்குக் காசு வாங்கி 4,959 கொடுத்ததாகிறது. நூல் கணக்கில் 8.9 சதவீதம். தறிக்கூலி அளவோடு அப்படியே குறையாது என்பதால் உண்மையான லாபம் இதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும். முழம் போட்டு விற்கும் பூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை; கையை மடக்கி அளக்கிறவரிடம் கணக்குப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

தண்ணீர் கலந்தால்

4 லிட்டர் பாலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பால் விலைக்கே விற்றால் 4-க்குக் காசு கொடுத்து 5-க்கு வாங்குகிறார், 25 சதவீதம். அதையே 900 மில்லி லிட்டர் அளவையால் ஊற்றினால் 1.25-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 38 8/9 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுவதால் இந்த வேலை அங்கே எடுபடாது. வீட்டு வாசலில்தான் எடுபடும். பருத்திச் சாக்கில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவரும் விவசாயியின் கணக்கும் இதேதான். தோட்டத்துக்காரர் என்பதற்காக யாருக்கும் விலக்கு இல்லை.

திருப்பிக் கேட்டால்

மொத்த லாபம் கொடுத்து எடையைக் கேட்பார்கள். விலைப் பெருக்கத்தை லாபப் பெருக்கத்தால் வகுத்தால் எடை. 8 சதவீதம் ஏற்றி விற்று மொத்தம் 20 சதவீதம் சம்பாதித்தார் என்றால் 1.08/1.2 = 0.9, போட்டது 900 கிராம். 10 சதவீதம் நஷ்டம் என்று சொல்லி 20 சதவீதம் லாபம் பார்த்தார் என்றால் 0.9/1.2, போட்டது 750 கிராம்.

நாற்பது கிராம் ஏன் பெரிது

மளிகையில் சில சரக்குகளுக்கு லாபம் மிகக் குறைவு. நேர்மையாக விற்றால் 4 சதவீதம் நிற்கும் ஒரு சரக்கில் கிலோவுக்கு 40 கிராம் குறைத்தால் 1.04-ஐ 0.96-ஆல் வகுக்கிறோம், 8 1/3 சதவீதம். வாடிக்கையாளர் இழந்தது 4 சதவீதம், வியாபாரியின் லாபம் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு கிலோ துவரம் பருப்பில் 40 கிராம் குறைந்ததை எந்தக் கையும் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்காது. அதே தெருவில் சரியான எடை போடுகிறவர் விலையில் இவரோடு போட்டி போட முடியாமல் நிற்பதற்கும் காரணம் இதுதான்.

சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை இட வேண்டும்; முத்திரைச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. சரக்கு வைக்கும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வேறு நல்ல தராசில் எடை பார்த்து வைத்த ஒரு பொருளைப் பையில் கொண்டுபோய்ப் போடச் சொன்னால் பூஜ்யத்தில் பிடிபடாத குறைவும் பிடிபடும். பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவையால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். 25 மில்லி லிட்டர் வரை பிசகு அனுமதி உண்டு. அது அரை சதவீதம்.

போட்டுப் பார்க்க ஐந்து

1. வாங்கிய விலையில் 10 சதவீதம் குறைத்து, கிலோவுக்கு 800 கிராம். லாபம்? 0.9/0.8, 12.5 சதவீதம்.

2. எண்ணெய் வாங்கும்போது லிட்டருக்கு 1,050 மில்லி லிட்டர், விற்கும்போது 950, விலை ஒன்றே. 1050/950, ஏறத்தாழ 10.53 சதவீதம்.

3. 5 சதவீதம் ஏற்றிய விலை, மொத்த லாபம் 25 சதவீதம். எடை? 1.05/1.25, 840 கிராம்.

4. பால் லிட்டர் 40-க்கு வாங்கி, தண்ணீர் கலந்து 44-க்கு விற்று 37.5 சதவீதம் லாபம். கலவை? 1.375-ஐ 1.1-ஆல் வகுத்தால் 1.25, 4 லிட்டர் பாலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

5. தராசில் எப்போதும் 25 கிராம் குறைவு. விலை மாறாமல், ஒரு கிலோ சரக்கை ஒரே தடவையில் விற்றால் 25/975, 2.56 சதவீதம். இரண்டு அரைக் கிலோவாக விற்றால் 50/950, 5.26 சதவீதம்.